கோழிக்கும் ஓர் அஞ்சறைப் பெட்டி

சென்ற வருஷம் ஐப்பசி மழையின்போது நமது இல்லத்தில் இளைய குமாரிக்கு ஜுரம் கண்டது. இரண்டு நாள் மிளகுக் கஷாயத்தில் கழிந்தது. மூன்றாம் நாள் வைத்தியரிடம் அழைத்துப் போனோம். அவர் மூத்திரத்தைப் பரிசோதனைக்கு அனுப்பி வைத்தார். சில தினங்களில் வந்த அறிக்கையில் மருந்துகளின் பெயர்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் ஆங்கில எழுத்து. பாதிக்கு மேல் 'ஆர்' என்ற எழுத்தே. உபாத்தியாயத் தொழிலில் இருபது வருஷம் கழித்தவர்களுக்கு மதிப்பெண் பட்டியலைப் போல் எதைக் கண்டாலும் யார் தேறினார், யார் தவறினார் என்று பார்க்கும் வழக்கம் போவதில்லை. "இந்த எழுத்து இருந்தால் தேறியதா, தவறியதா?" என்று கேட்டோம்.

"மருந்து தவறிவிட்டது, கிருமி தேறிவிட்டது" என்றார் வைத்தியர்.

எஞ்சிய மருந்துகளில் ஒன்று ஊசியாகப் பலித்து, குழந்தை எழுந்து உட்கார்ந்தாள். நமக்கு மட்டும் ஒரு கேள்வி எழுந்தது. இவள் அந்த மருந்துகளில் பலவற்றைப் பிறந்தது முதல் உட்கொண்டதே இல்லை. அப்படியிருக்க, கிருமி அவற்றை எதிர்த்து நிற்க எங்கே கற்றுக்கொண்டது?

வைத்தியர் நேர்மையானவர். "எங்களைப் போன்றவர்கள் ஜலதோஷத்துக்கெல்லாம் எழுதிக் கொடுத்தது ஒரு பங்கு, ஜனங்கள் சீட்டில்லாமல் கடையில் வாங்கி விழுங்கியது ஒரு பங்கு, ஆடு மாடு கோழிகளுக்குத் தீவனத்தில் கலந்து போட்டது ஒரு பங்கு. உங்கள் குழந்தைக்கு வந்த கிருமி எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது" என்றார்.

கோழி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் நமக்கு ஒரு முகம் ஞாபகத்துக்கு வந்தது. பல்லடத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், நம்மிடம் பத்தாம் வகுப்பு படித்த மாணாக்கன் ஒருவன் கறிக்கோழி வளர்த்து ஜீவனம் செய்கிறான். கணக்கில் கெட்டிக்காரன், தமிழில் அவ்வளவு சொல்வதற்கில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனைத் தேடிக்கொண்டு போனோம். குற்றம் சாட்டுவதற்கு அல்ல, தெரிந்துகொள்வதற்கு.

கொங்கு நாட்டு நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். முட்டைக்கு நாமக்கல் எப்படியோ, கறிக்கோழிக்குப் பல்லடம் அப்படி. கறிக்கோழியின் பண்ணை விலை அங்கேதான் அறிவிக்கப்படுகிறது. 1990-களிலிருந்து இந்தப் பக்கத்தில் ஒப்பந்த முறை பரவியிருக்கிறது. கம்பெனியார் குஞ்சும் தீவனமும் மருந்தும் கொடுப்பார்கள்; குடியானவன் கொட்டகையும் தண்ணீரும் உழைப்பும் கொடுப்பான்; கோழி எடை கண்டதும் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி வாங்கிக்கொள்வான். அதில் நஷ்ட பயம் குறைவு, சுதந்திரமும் குறைவு. தீவனத்தில் ஒரு சிட்டிகை மஞ்சள் போட வேண்டுமானாலும் கம்பெனியைக் கேட்க வேண்டும். நமது மாணாக்கன் கூலி விஷயத்தில் மனத்தாங்கல் ஏற்பட்டு ஒப்பந்தத்தை விட்டு வெளியே வந்தவன். மனைவியின் நகையை அடகு வைத்து, சொந்தமாகக் குஞ்சு வாங்கி, மில்லில் தீவனம் அரைத்து, ஒரு தடவைக்கு இரண்டாயிரம் கோழி வளர்க்கிறான்.

"தீவனத்தில் என்னென்ன சேர்க்கிறாய், தம்பி?" என்றோம்.

"மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, எண்ணெய், தாது உப்புங்க சார். அப்புறம் மில்லுக்காரரு ஒரு வளர்ச்சிப் பொடி போடுவாருங்க."

"அது என்ன பொடி?"

"அது தெரியாதுங்க சார். போட்டா சீக்கிரம் எடை வருமுங்க."

அந்தப் பொடியின் பையைத் தேடி எடுத்துப் பார்த்தோம். அதில் அச்சிட்டிருந்த பெயர்களில் ஒன்று, குழந்தையின் அறிக்கையில் 'ஆர்' என்ற எழுத்துக்கு எதிரே நாம் படித்த பெயர்.

*

இந்தப் பொடி எப்படிக் கோழியின் தட்டுக்கு வந்தது என்பது ஒரு விசித்திரமான கதை. அதில் நமது தேசத்தார் ஒருவருக்கும் இடமுண்டு. பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டு, அறுவைச் சிகிச்சைக் கூடத்துக்குக் கதர் அங்கி அணிந்து போனார். அது பேராசிரியருக்குப் பிடிக்காமல் போனதால் முழுப் பட்டம் கிடைக்காமல் தாழ்ந்த பட்டத்தோடு வெளியே வந்தார் என்று அவருடைய சரித்திரத்தில் சொல்லப்படுகிறது. பிற்காலத்தில் அமெரிக்காவில் லெடர்லே ஆராய்ச்சிச் சாலையின் தலைவராக அவர் இருந்தபோதுதான் ஆரியோமைஸின் என்னும் கிருமிக்கொல்லி மருந்து மண்ணிலுள்ள ஒரு நுண்ணுயிரிலிருந்து கண்டுபிடிக்கப்பட்டு, 1948-ல் உலகுக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர் காலமானார். அவர் தேடியது மனிதரின் உயிரைக் காக்கும் மருந்து.

அதே ஆராய்ச்சிச் சாலையில் ஜூக்ஸ், ஸ்டோக்ஸ்டாட் என்ற இருவர், மருந்தைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சிய கசடைக் கோழிக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதில் ஜீவசத்து பி12 இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். குஞ்சுகளோ அந்த ஜீவசத்தினால் வளரக்கூடியதை விட வேகமாக வளர்ந்தன. கசடில் ஒட்டிக்கொண்டிருந்த மருந்தே காரணம் என்று பிறகு தெரிந்தது. சில வருஷங்களுக்குள் கோழி, பன்றி முதலிய பிராணிகளின் தீவனத்தில், வியாதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், சொற்ப அளவில் கிருமிக்கொல்லியைக் கலப்பது உலக வழக்கமாகிவிட்டது.

கிருமியைக் கொல்லும் அளவுக்குக் குறைவாக, நாள்தோறும், கோடிக்கணக்கான கோழிகளுக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? வகுப்பில் பிரம்பை மேஜைமேல் தட்டிக்கொண்டே இருக்கும் உபாத்தியாயருக்கு என்ன ஆகுமோ அதுதான். பயந்த பிள்ளைகள் போய்விடுகிறார்கள். பயப்படாதவர்கள் வகுப்பை ஆளுகிறார்கள்.

ஐரோப்பாவில் ஸ்வீடன் தேசத்தார் முதலில் விழித்துக்கொண்டு 1986-ல் இந்த வழக்கத்தை நிறுத்தினார்கள். டென்மார்க்கில் அவோபார்ஸின் என்ற மருந்தை 1995-ல் தடுத்தார்கள். அதற்கு உறவான ஒரு மருந்தை எதிர்க்கும் குடல் கிருமிகள் அவ்வாண்டில் கறிக்கோழிகளிடம் நூற்றுக்கு 70-க்கு மேல் இருந்தவை, 2000-ல் 10-க்கும் கீழே இறங்கின. 2006 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும், வளர்ச்சிக்காகக் கிருமிக்கொல்லி கலப்பது தடுக்கப்பட்டது. நமது தேசத்தில், மனிதருக்கு வேறு எதுவும் பலிக்காதபோது கடைசியாக எடுக்கும் கோலிஸ்டின் என்ற மருந்தைக் கோழிக்கும் கால்நடைக்கும் கொடுக்கக் கூடாது என்று 2019 ஜூலையில் சர்க்கார் உத்தரவிட்டார்கள். சீன தேசத்தில் அந்த மருந்தை எதிர்க்கும் குணம் ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது என்று 2015-ல் கண்டுபிடித்ததே அந்தக் கவலையின் ஆரம்பம்.

இங்கே ஒரு வார்த்தை. கறிக்கோழிக்கு 'ஹார்மோன் ஊசி' போட்டு ஊத வைக்கிறார்கள் என்று நமது ஊர்த் திண்ணைகளில் அடிக்கடி பேசப்படுகிறது. இது உண்மையன்று. கோழியின் வேகம் முக்கியமாக அதன் ஜாதியில் இருக்கிறது. கனடாவில் ஆல்பர்ட்டா சர்வகலாசாலையார் 1957, 1978, 2005 ஆகிய மூன்று ஆண்டுகளின் வம்சங்களை ஒரே தீவனத்தில் வளர்த்து, 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். 56-ஆம் நாளில் முதலாவது சுமார் 900 கிராம், இரண்டாவது 1,800, மூன்றாவது 4,200! இல்லாத ஊசியைப் பற்றி நாம் கலங்கிக்கொண்டிருக்கையில், இருக்கிற பொடியை யாரும் கவனிக்கவில்லை.

*

"பொடியை நிறுத்திவிட்டு மஞ்சளும் பூண்டும் போட்டா ஆகுமுங்களா சார்? ஒரு வியாபாரி மூலிகைப் பவுடர்னு கொண்டாந்து காட்டினாருங்க" என்று மாணாக்கன் கேட்டான். அந்தப் பவுடரை முகர்ந்து பார்த்தோம். தவிட்டு வாசனை தூக்கலாக இருந்தது. எந்த மூலிகை எவ்வளவு என்று பையில் ஒரு வரிகூட இல்லை. வேண்டாம் என்றோம். ஆனால் கேள்வி நல்ல கேள்வி.

நமது அஞ்சறைப் பெட்டியில் உள்ளவை வெறும் ருசிக்காக வந்தவை அல்ல. செடிகள் பூச்சியையும் பூஞ்சையையும் விரட்டுவதற்காகத் தமக்குள் செய்து வைத்துக்கொண்ட ஆயுதங்களே அவற்றின் மணமும் காரமும். ஓம எண்ணெயில் பெரும்பங்கு தைமால். மேல்நாட்டார் கோழித் தீவனத்துக்குப் பெரிதும் நாடும் ஓரிகானோ என்ற தழையில் இருப்பது அதன் உடன்பிறப்பான கார்வக்ரால். இவ்விரண்டும் கிருமியின் மேல்தோலைச் சிதைத்து உள்ளிருப்பதைக் கசிய விடுபவை. நமது கொல்லைப்புறத்துக் கர்ப்பூரவல்லியிலும் இவை உண்டு. இலவங்கப்பட்டையில் வேறொரு சத்து, மஞ்சளில் குர்க்குமின்.

பூண்டின் சங்கதி மிகவும் வேடிக்கையானது. முழுப் பூண்டில் ஆயுதம் தயாராக இல்லை. ஓர் அறையில் ஒரு சத்து, மற்றோர் அறையில் அதை மாற்றும் நொதி. பல்லை நசுக்கினால்தான் இரண்டும் சேர்ந்து அல்லிஸின் என்ற காட்டமான பொருள் பிறக்கிறது. இதை 1944-ல் பிரித்தெடுத்தார்கள். நசுக்குவதற்கு முன்னால் சூடு காட்டிவிட்டால் நொதி செத்துவிடும். வாசனைப் பண்டம்தான் மிஞ்சும்.

மிளகாயைப் பற்றிக் கேட்டால் நேயர்கள் சிரிப்பார்கள். கோழிக்கு மிளகாய் உறைப்பதில்லை! நமது வீட்டுக் கிளி மிளகாய்ப் பழத்தை வாழைப்பழம் போல் கொறிப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஏன் என்று யார் கேட்டோம்? காரத்தை உணரும் வாயிலை டேவிட் ஜூலியஸ் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தார். அதற்காக அவருக்கு 2021-ல் நோபல் பரிசும் கிடைத்தது. அவரும் சகாக்களும் பறவைகளின் உடலில் அந்த வாயில் காரத்துக்குத் திறப்பதில்லை என்று 2002-ல் காட்டினார்கள். விதையை மென்று பாழாக்கும் பிராணிகளை விரட்டவும், முழுதாக விழுங்கித் தூர எச்சமிடும் பறவைகளை வரவழைக்கவும் மிளகாய்ச் செடி செய்துகொண்ட ஏற்பாடு இது. ஆகையால் மனிதர் கண்ணீர் விடும் காரம் கலந்த தீவனத்தையும் கோழி ஆனந்தமாகத் தின்னும்.

சில வாரங்கள் கழித்துப் போனபோது மாணாக்கன் உற்சாகத்தில் மிதந்துகொண்டிருந்தான். நாம் சொல்லுவதற்குக் காத்திராமல், கொட்டகையின் ஒரு மூலையில் கம்பி வலை கட்டி இருநூறு குஞ்சுகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மில்லுக்காரரின் பொடி, மறு பாதிக்கு மஞ்சள், பூண்டு, ஓமம், மிளகு என்று வைத்திருந்தான். ஐம்பது கிலோ மூட்டைக்குக் கால் கிலோ மஞ்சள், கால் கிலோ உலர்ந்த பூண்டு, மற்றவை அதற்கும் குறைவு. முப்பத்தைந்தாம் நாளில் மசாலாப் பாதி, தலைக்கு அறுபது கிராம் முன்னால் நின்றது. "ஜெயிச்சுட்டோமுங்க சார்!" என்றான்.

"காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?" என்று கேட்டோம்.

மசாலாப் பாதி கதவோரத்தில், காற்று வரும் பக்கத்தில் இருந்தது. மற்றது சுவரோரத்தில், புழுக்கத்தில். கணக்கில் கெட்டிக்காரன் அல்லவா? முகம் சுருங்கிவிட்டது. பூண்டு எப்படிப் பொடித்தாய் என்று கேட்டதில் இன்னொன்றும் வெளிப்பட்டது. அவனுடைய தாயார், இட்லிப் பொடிக்குச் செய்வதுபோல் பூண்டையும் ஓமத்தையும் இரும்புச் சட்டியில் நன்றாக வறுத்துப் பொடித்திருந்தார். வாசனை தெரு முழுவதும் வந்ததாம். வந்த வாசனையெல்லாம் கோழியின் வயிற்றுக்குப் போக வேண்டிய ஓம எண்ணெய்! அந்த அம்மாளிடம் இதைப் பக்குவமாகச் சொன்னோம். "பச்சையாவா போடறது? கோழி வகுறு என்னத்துக்காவும்?" என்றார் அவர். நாற்பது வருஷம் சமைத்த கை. ஒரு நாளில் மாறாது.

இது வீட்டுத் தவறு மட்டுமல்ல. பெரிய மில்களில் தீவனத்தை நீராவியில் எண்பது டிகிரி வரை சூடாக்கிக் குச்சித் தீவனமாக அழுத்தும்போதும் இதே இழப்பு உண்டு. அதனால்தான் மேல்நாடுகளில் எண்ணெய்ச் சத்தைக் கொழுப்பினால் உறை போட்டு மூடிக் கலக்கிறார்கள். குடியானவன் அரைக்கும் மாவுத் தீவனத்துக்கு அந்தச் சங்கடம் இல்லை. கலக்குவது கடைசியில், ஆறிய பிறகு என்றால் போதும்.

இரண்டாம் தடவை நாமும் போய் உடனிருந்தோம். ஐம்பது ஐம்பதாக நான்கு அறைகள். கதவோரம் ஒன்று மசாலா, ஒன்று பொடி. சுவரோரம் ஒன்று மசாலா, ஒன்று பொடி. பூண்டை வறுக்காமல் சீவி, நிழலில் உலர்த்தினார்கள். மஞ்சளை ஈரோட்டுச் சந்தையில் விரலி மஞ்சளாகவே வாங்கி அரைத்தார்கள். பொடியாக வாங்கினால் அதில் என்ன நிறம் ஏற்றியிருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? மஞ்சளிலும் ஜாதி உண்டு. நமது பக்கத்து மஞ்சளில் குர்க்குமின் சுமார் மூன்று நான்கு சதவீதம். மேகாலயத்து லக்கடாங் மஞ்சளில் ஏழு வரை. "ஒரு ஸ்பூன் மஞ்சள்" என்று அளவு சொல்லுவது, "ஒரு கட்டு நோட்டு" என்று பணக் கணக்குச் சொல்லுவதற்குச் சமானம்.

வாரந்தோறும் பத்துப் பத்துக் குஞ்சாகக் கூடையில் பிடித்து, தொங்கு தராசில் நிறுத்தோம். நமது குமாரியும் வந்து எழுதினாள். நாற்பது கிராம் குஞ்சு ஐந்து வாரத்தில் இரண்டு கிலோவை எட்டும் அதிசயத்தைக் கண்ணால் கண்டாள். முடிவு என்ன? மசாலா அறைகளில் ஒன்று முதலாவது, மற்றொன்று கடைசி! அதாவது வித்தியாசம் இல்லை.

மாணாக்கன் மனம் உடைந்து போனான். நமக்கோ, இதிலேதான் விஷயம் இருக்கிறது என்று தோன்றியது. இங்கிலாந்தில் கோட்ஸ் என்ற அம்மையாரும் சகாக்களும் கிருமியே இல்லாத கூண்டில் குஞ்சுகளை வளர்த்துப் பார்த்து 1963-ல் எழுதினார்கள். அந்தக் குஞ்சுகளுக்குக் கிருமிக்கொல்லி கொடுத்தால் கூடுதல் வளர்ச்சி இல்லை! வளர்ச்சிப் பொடி கோழியை வளர்ப்பதில்லை, குடலில் கோழியோடு பங்குக்கு வரும் கிருமிகளை அடக்குகிறது, அவ்வளவுதான். அசுத்தமான கொட்டகையில் பொடிக்குப் பெருமை. சுத்தமான கொட்டகையில் பொடிக்கு வேலையில்லை. மஞ்சளுக்கும் பூண்டுக்கும் அதே நியாயம். வாத்தியார் வருகிறார் என்று அவன் கொட்டகையைச் சுண்ணாம்பு அடித்து, பழைய தேங்காய்நார்க் கழிவை அள்ளிக் கொட்டி, இரண்டு வாரம் காலியாகப் போட்டு, கோழிக்கு ஒரு சதுர அடிக்குக் குறையாமல் இடம் விட்டிருந்தான். மசாலாவும் தோற்கவில்லை, பொடியும் ஜெயிக்கவில்லை, விளக்குமாறு ஜெயித்தது.

மூன்றாம் தடவை மழைக்காலம். எவ்வளவு காத்தும் கூளம் ஈரமாகிவிட்டது. அப்போது மசாலா அறைகளில் கழிச்சல் குறைவாகவும் கூளம் சற்று உலர்ந்தும் இருக்கக் கண்டோம். நூறு கோழியை வைத்துக்கொண்டு சாஸ்திரம் பேச நமக்குத் துணிவில்லை. ஆனாலும் மேற்சொன்ன நியாயத்துக்கு அது பொருத்தமாகவே இருந்தது.

மழைக்காலத்தில் மக்காச்சோளத்தில் பூசணம் பிடிக்கும். அதில் அப்ளாடாக்ஸின் என்ற விஷம் உண்டாகும். 1960-ல் இங்கிலாந்தில் லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கைத் தின்று இறந்ததில்தான் இந்த விஷமே உலகுக்குத் தெரிய வந்தது. மிஸ்ஸௌரி சர்வகலாசாலையில் நடந்து 2008-ல் வெளியான ஆராய்ச்சியில், தீவனத்தில் நூற்றுக்கு அரைப் பங்கு மஞ்சள் சேர்த்தபோது, இந்த விஷத்தால் குஞ்சுகளின் ஈரலுக்கு ஏற்படும் கெடுதல் ஓரளவு தணிந்தது. ஓரளவு என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். பூசணம் பிடித்த சோளத்தை மஞ்சள் பூசிக் கல்யாணம் செய்து வைக்க முடியாது.

மிளகையும் ஏன் சேர்த்தோம் என்று சிலர் கேட்கலாம். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியார் 1998-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மனிதருக்கு இரண்டு கிராம் குர்க்குமினோடு 20 மில்லிகிராம் மிளகுச் சத்து கொடுத்தபோது இரத்தத்தில் சேரும் அளவு இருபது மடங்கு ஆயிற்று. மிளகில்லாமல் மஞ்சள் பெரும்பாலும் குடலோடு போய்விடுகிறது. குடல் கிருமிக்காகக் கொடுக்கும்போது அது குடலில் தங்குவதும் குற்றமல்ல. ஈரலுக்கும் கொஞ்சம் போகட்டும் என்று மிளகைச் சேர்த்தோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நாம் கண்டிப்பாக இருந்தோம். நமது கிராமங்களில் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லும் நோய், குமாவுன் மலையிலுள்ள ராணிக்கேத் ஊரின் பெயரால் இந்தியாவில் ராணிக்கெட் நோய் எனப்படுகிறது. சின்ன வெங்காயம், பூண்டு, மஞ்சள், சீரகம், மிளகு, கீழாநெல்லி எல்லாம் அரைத்து உருண்டை கொடுக்கும் கைவைத்தியம் நமது பாட்டிமாருடையது. அதை நாம் இகழவில்லை. ஆனால் இந்நோயை உண்டாக்குவது வைரஸ். அது பண்ணைக்குள் புகுந்தால் ஒரு வாரத்தில் கொட்டகை காலி. முதல் வாரத்தில் கண்ணில் விடும் தடுப்புச் சொட்டுக்கு மஞ்சள் ஈடாகாது. இயற்கை முறை என்று சொல்லிக்கொண்டு தடுப்பு மருந்தை நிறுத்தியவர்களுக்கு நாம் துணை போக மாட்டோம். அதுபோலவே, கோழிகளுக்கு உண்மையாகவே வியாதி வந்தால் கால்நடை வைத்தியரின் சீட்டுப்படி கிருமிக்கொல்லி கொடுத்து, விற்பதற்குமுன் அவர் சொல்லும் நாள் வரை காத்திருப்பதில் தவறில்லை. வியாதி இல்லாமல் தினம் கொடுப்பதுதான் தவறு.

*

இப்பொழுது கணக்குக்கு வருவோம்.

நான்காம் தடவை மாணாக்கன் துணிந்து இரண்டாயிரம் கோழிக்கும் பொடியை நிறுத்தினான். மசாலா, சுண்ணாம்பு, விளக்குமாறு, சொட்டு மருந்து, தாராளமான இடம் இவற்றை நம்பினான். கோழிகள் வழக்கத்துக்கு மேல் சாகவில்லை. ஆனால் விற்கும் எடைக்கு வர இரண்டு நாள் கூடுதலாகப் பிடித்தது. முன்பு கொட்டகையில் நெருக்கி வளர்த்தபோது பொடி செய்துகொண்டிருந்த வேலையின் விலை அது. இரண்டு நாள்தானே என்று நாம் எண்ணினோம். அவன் சுவரில் கரியால் எழுதிக் காட்டினான். இரண்டு கிலோ கோழி நாளொன்றுக்கு 175 கிராம் தின்னும். இரண்டாயிரம் கோழிக்கு 350 கிலோ. இரண்டு நாளைக்கு 700 கிலோ. ஐம்பது கிலோ மூட்டையில் பதினான்கு. அதற்கு மேல் மஞ்சள், பூண்டு விலை. பூண்டு விலை ஏறும் மாதத்தில் பூண்டு கோழிக்கா, வீட்டுக்கா என்ற தர்க்கம் வேறு.

"இந்தப் பதினாலு மூட்டைக்கு யாருங்க சார் காசு குடுப்பாங்க? வண்டிக்காரரு வந்து பல்லடத்து விலைதான் குடுப்பாருங்க. பொடி போட்ட கோழிக்கும் அதே விலை, போடாத கோழிக்கும் அதே விலை."

இதற்கு நம்மிடம் பதில் இல்லை. ஆஸ்பத்திரியில் நாம் கொடுத்த ஊசிச் செலவை எண்ணிப் பார்த்தோம். அது அவனுடைய மூட்டைகளுக்கு அருகில் வந்தது. ஆனால் நமது சட்டைப் பையிலிருந்து போன பணம் அவனுடைய கணக்கில் வரவு ஆகாது. எடைத் தராசு ஒன்றுதான்; நாம் நிற்கும் தட்டு வேறு, அவன் நிற்கும் தட்டு வேறு.

பிறகு ஒரு சிறு ஏற்பாடு செய்தோம். பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்களில் மாமிசம் உண்பவர்கள் பதினோரு பேர், ஒரு விடுதிச் சமையற்காரர், அந்த வைத்தியர். இவர்கள் வாரந்தோறும் அவனிடமே நேரில் வாங்குவது. கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதலாகக் கொடுப்பது. வேண்டும்போது தீவன அறையைத் திறந்து பார்த்துக்கொள்வது. இதில் நூற்றைம்பது கோழி போகிறது. மீதி ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சமும் பழைய விலைக்கே வண்டியேறுகின்றன. சேர்த்துப் பார்த்தால் பதினான்கு மூட்டையில் ஏறக்குறைய நான்கு மூட்டைக்குத்தான் வழி பிறந்திருக்கிறது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை போயிருந்தோம். புதிய குஞ்சுகள் அன்று காலையில்தான் அட்டைப் பெட்டிகளில் வந்து இறங்கியிருந்தன. விளக்கு வெப்பத்தில் மஞ்சள் பந்துகளாக ஓடிக்கொண்டிருந்தன. தாயார் வாசல் திண்ணையில் உட்கார்ந்து பூண்டு சீவிக்கொண்டிருந்தார். சட்டி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. நம்மைக் கண்டதும், "ஏனுங்க வாத்தியாரய்யா, மஞ்சளும் பூண்டும் மொளகும் கோழி உள்ளயே போயிருச்சு, இனிக் கொழம்புக்கு வேற தனியாப் போடோணுமுங்களா?" என்று கேட்டார். நமது குமாரி விழுந்து விழுந்து சிரித்தாள்.

மாணாக்கன் தீவன அறையிலிருந்து வெளியே வந்தான். மில்லுக்காரரின் பொடிப் பை ஒன்று, பிரிக்காமல், மூட்டைகளுக்குப் பின்னால் தெரிந்தது. நாம் அதைப் பார்த்ததை அவனும் பார்த்தான். "இந்த ஈடு மட்டும் பார்த்துக்கறனுங்க சார். அடுத்த ஈட்டுக்குள்ள இன்னொரு அம்பது வீடு சேர்ந்தா அதைத் திருப்பிக் குடுத்துடுவனுங்க" என்றான்.

ஐம்பது வீடுகளை நாம் தேடிக்கொண்டிருக்கிறோம்.